கேள்வி மட்டும் கேட்கும் கோச்

வாசகர் கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 41 வயது. ஒரே நிறுவனத்தில் 16 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். 8 மாதங்களுக்கு முன்பு மேலாளர் ஆக்கினார்கள். டீமில் 14 பேர். அவர்களில் ஒருவர் என் பழைய சகா. என்னைவிட மூத்தவர், இந்தப் பதவி தனக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தவர். மீட்டிங்கில் நான் எதைச் சொன்னாலும் குறுக்கே புகுந்து "இதெல்லாம் நடக்காது" என்று முடித்துவிடுகிறார். மற்றவர்களோ சின்ன விஷயத்துக்கெல்லாம் என் மேசைக்கு வந்து நிற்கிறார்கள். ஒரு நாளைக்கு 20 முறையாவது யாருக்காவது பதில் சொல்கிறேன். என் சொந்த வேலையை இரவில்தான் பார்க்க முடிகிறது. 3 வாரமாகச் சரியான தூக்கமும் இல்லை.

நிறுவனமே எனக்கு ஒரு கோச்சை ஏற்பாடு செய்தது. மொத்தம் 6 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். 4 முடிந்துவிட்டன. ஒவ்வொரு முறையும் அதே நான்கு கேள்விகள்: உங்கள் இலக்கு என்ன, இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதைச் செய்யப் போகிறீர்கள். "நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்யட்டும்?" என்றால், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிறார். எனக்கே தெரிந்தால் இவரிடம் எதற்கு வருகிறேன்? பள்ளியில் எனக்கு ஒரு பேட்மிண்டன் கோச் இருந்தார். "முழங்கையைத் தூக்கு" என்பார். தூக்கினால் ஷாட் சரியாக விழும். அவர்தானே கோச்? என் நண்பன்கூட ஒரே மாலையில் ஐந்து யோசனை சொன்னான். எதுவும் எங்கள் ஆபீஸுக்குச் சரிவராது என்பது வேறு விஷயம். இன்னொரு பயமும் இருக்கிறது. நான் கோச்சிடம் சொல்வதெல்லாம் என் மேலதிகாரி காதுக்குப் போகிறதா? மீதி 2 அமர்வுக்குப் போகலாமா, விட்டுவிடலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

போங்கள். ஆனால் இதுவரை போன மாதிரி போகாதீர்கள். உங்கள் கோபத்தில் பாதி நியாயமானது. அந்தப் பாதியை அவரிடமே நேராகச் சொல்ல வேண்டும். மறுபாதி, கோச் என்பவரின் வேலை எது என்பதில் பலருக்கும் இருக்கும் குழப்பத்திலிருந்து வருகிறது. நான் பல ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் நாள் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலத்தான், மருந்துச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு போக வந்தவர்களாக உட்காருவார்கள். அதில் தவறில்லை. கஷ்டத்தில் இருப்பவர் பதிலைத்தான் தேடுவார்.

உங்கள் பேட்மிண்டன் கோச்சிடமிருந்தே தொடங்கலாம். "முழங்கையைத் தூக்கு" என்று அவர் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யோசித்துப் பாருங்கள். கோர்ட்டின் ஓரத்தில் நின்று நீங்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் பத்துப் பதினைந்து தவறுகளாவது பட்டிருக்கும். அதில் அன்றைக்கு உங்களால் திருத்த முடிந்த ஒன்றை மட்டும் எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விடவும் இல்லை; நீங்கள் திரும்பத் திரும்ப அடிப்பதை நின்று பார்த்தார். ஷாட் விழுந்ததற்குக் காரணம் அந்த ஒரு வாக்கியம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. அதற்கு முன்னால் பார்த்த கண்ணையும் அதற்குப் பின்னால் நீங்கள் அடித்த அடிகளையும் நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. போட்டி நாளன்று அவர் கோர்ட்டுக்குள் வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சொல்லின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஹங்கேரியில் கோச் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டிகள் பேர் போனவை. அந்த ஊரின் பெயரே பல ஐரோப்பிய மொழிகளில் வண்டிக்குப் பெயராகிவிட்டது. 1830களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், பரீட்சை தேற உதவும் தனி ஆசிரியரைப் பேச்சு வழக்கில் 'கோச்' என்று அழைத்தார்கள். வண்டி மாதிரி நம்மை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் என்ற அர்த்தத்தில். விளையாட்டுக்கு அந்தச் சொல் வந்தது அதற்கும் பிறகுதான். வண்டி எங்கே போக வேண்டும் என்பதை ஏறி உட்கார்ந்தவர்தான் சொல்ல வேண்டும் என்பது மட்டும் இத்தனை நூற்றாண்டிலும் மாறவில்லை.

விளையாட்டிலேயேகூட "இப்படிச் செய்" என்பது எப்போதும் பலிப்பதில்லை. 1970களில் திமோதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். தான் குறைவாகச் சொல்லச் சொல்ல, மாணவர்கள் வேகமாகக் கற்றார்கள். அதனால் மட்டையை எப்படிப் பிடிப்பது, காலை எங்கே வைப்பது என்று அடுக்குவதை விட்டுவிட்டார். பந்து தரையில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல், வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றார். அவ்வளவுதான். பந்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், மாணவனுக்குள் "கை தப்பு, கால் தப்பு" என்று அதட்டிக்கொண்டிருந்த குரல் அடங்கியது. அடி தானாகத் திருந்தியது. 1974இல் அவர் இதைப் புத்தகமாக எழுதிய பிறகு, டென்னிஸ் ஆடாதவர்கள்கூட, குறிப்பாக நிறுவனங்களில் வேலை செய்பவர்கள், அவரைத் தேடி வந்தார்கள்.

உங்கள் கோச் கேட்கும் நான்கு கேள்விகளும் அந்த வழியில் வந்தவைதான். ஜான் விட்மோர் என்ற பிரிட்டன்காரர், முன்பு கார் பந்தய வீரர், கால்வேயின் முறையைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். இலக்கு, நிலைமை, வழிகள், உறுதி என்ற இந்த நான்கு படிகள் 1992இல் வெளியான அவருடைய நூலால் உலகம் முழுக்கப் பரவின. இந்த நான்கின் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து எங்கள் தொழிலில் 'க்ரோ' என்போம். நானும் அதைத்தான் கற்றேன், இன்றும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது ஓர் எலும்புக்கூடு மட்டும்தான். சதையும் ரத்தமும் கோச் தர வேண்டும். விண்ணப்பப் படிவம் நிரப்புவது போல நான்கு கேள்வியையும் வரிசையாகக் கேட்டு முடித்தால், உங்களுக்கு வந்த எரிச்சல் யாருக்கும் வரும்.

இதில் விஷயம் இருப்பது இரண்டாவது கேள்வியில். "இப்போது நிலைமை என்ன?" என்று கேட்டபோது, "அவர் என்னை மதிப்பதில்லை" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அது நீங்கள் நிலைமைக்கு வைத்த தலைப்பு. நிலைமை அதற்கு அடியில் இருக்கிறது. கடைசி நான்கு மீட்டிங்கில் அவர் எத்தனை முறை குறுக்கிட்டார்? எந்த விஷயம் வரும்போது? "நடக்காது" என்று அவர் சொன்ன அடுத்த நொடி உங்கள் வாயிலிருந்து வந்த சொல் என்ன? மற்ற 13 பேரும் அப்போது எங்கே பார்த்தார்கள்? அவர் நடக்காது என்றவற்றில் ஏதாவது உண்மையிலேயே நடக்காமல் போனதா? பதவி உயர்வு அறிவித்த நாளிலிருந்து இன்றுவரை, அந்தப் பதவியைப் பற்றி அவரோடு தனியாக ஒருமுறையாவது பேசினீர்களா? உங்கள் கடிதத்தில் அப்படிப் பேசியதாக ஒரு வரியும் இல்லை. அதனால் கேட்கிறேன். ஒரு நல்ல கோச் இந்த இடத்தில் அரை மணி நேரமாவது தங்கியிருப்பார். இதைப் பார்க்காமல் மூன்றாவது கேள்விக்குத் தாவினால், நீங்கள் சொல்லும் வழிகள் எல்லாம் காற்றில் கட்டியவையாகத்தான் இருக்கும்.

சரி, அவர் ஏன் பதிலைச் சொல்லிவிடக் கூடாது? உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது. நண்பர் ஐந்து யோசனை சொன்னார். ஐந்தையும் நீங்கள் தள்ளிவிட்டீர்கள். ஒவ்வொன்றையும் தள்ள உங்களிடம் ஒரு காரணம் இருந்திருக்கும், அந்தக் காரணம் சரியாகவும் இருந்திருக்கும். மதுப் பழக்கத்திலிருந்து வெளிவர முயல்வோரோடு வேலை செய்த உளவியலாளர் வில்லியம் மில்லர் 1980களில் இதையேதான் எழுதினார். பின்னர் அவரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் சேர்ந்து இதை ஒரு முழு முறையாக வளர்த்தார்கள். ஒருவர் தயங்கி நிற்கும்போது நாம் "மாறு" என்ற பக்கம் நின்று வாதாடினால், அவர் தன்னை அறியாமலே "மாற முடியாது" என்ற பக்கத்துக்கு வக்கீலாகிவிடுகிறார். தன் வாயால் தானே சொன்னதை மனிதர் நம்பத் தொடங்குகிறார். ஆகவே மாற்றத்துக்கான காரணம் எங்கள் வாயிலிருந்து வருவதைவிட உங்கள் வாயிலிருந்து வருவதுதான் உங்களுக்கு நல்லது. எதிரில் இருப்பவரின் கஷ்டத்தைப் பார்த்ததும் சரிசெய்துவிடத் துடிக்கும் கை ஒன்று எல்லாருக்கும் இருக்கிறது. அதை அடக்கிக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் நான் கற்ற கடினமான பாடம்.

இன்னொன்று, உங்கள் பழைய சகா முகம் சுளிக்கும் அந்த நொடியில் கோச் அந்த அறையில் இருக்க மாட்டார். அவர் கொடுத்த வாக்கியத்தை நீங்கள் மனப்பாடம் செய்துகொண்டு போனால், எதிர்பாராத பதில் ஒன்று வந்ததும் கை விரித்து நிற்பீர்கள். நீங்களே பார்த்து, நீங்களே தேர்ந்தெடுத்த சொல்லாக இருந்தால், அது தவறினாலும் அடுத்த சொல் எது என்று உங்களுக்குத் தெரியும்.

இதுவரை உங்கள் கோச்சின் பக்கம் பேசிவிட்டேன். இனி உங்கள் பக்கம்.

கேள்வி மட்டுமே கேட்பவர் முழு கோச் ஆகிவிட மாட்டார். இதை நான் என் தவறிலிருந்து சொல்கிறேன். இந்த வேலைக்கு வந்த தொடக்கத்தில், முதன்முறையாக ஒரு துறையின் ஆண்டு பட்ஜெட்டைத் தயாரிக்க வேண்டிய ஒருவர் என்னிடம் வந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டார். "உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?" என்று கேட்டேன். இரண்டு அமர்வுகள் இப்படியே போயின. அவர் தனக்குத் தோன்றியபடி தயாரித்து, எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினார். அவருக்குத் தேவைப்பட்டது கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவரோடு ஒரு மணி நேரம். அதை நான் முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கேள்வி கேட்பதுதான் என் தொழில் தர்மம் என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். ஆனாலும் அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து யார் எதைக் கேட்டாலும் முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்கிறேன்: இது இவருக்குத் தெரியாத தகவலா, அல்லது தெரிந்தும் செய்ய முடியாமல் நிற்கும் விஷயமா? தகவல் என்றால் சொல்லிவிட வேண்டும், எனக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் காட்ட வேண்டும். செய்ய முடியாமல் நிற்கிறார் என்றால்தான் கேள்விக்கு வேலை.

உங்கள் 8 மாதப் பிரச்சினையிலும் இரண்டும் கலந்திருக்கிறது. ஒருவரின் வேலைத்திறனைப் பற்றி எழுத்தில் பதிவு செய்வது எப்படி, மேலாளராக உங்களுக்கு எந்த அளவு அதிகாரம் உண்டு என்பதெல்லாம் தகவல். அதை ஹெச்.ஆரிடமோ அனுபவமுள்ள இன்னொரு மேலாளரிடமோ கேட்டு வாங்குங்கள். அந்த மேலாளர் உங்களுக்கு மென்டர் ஆகலாம். தான் நடந்த பாதையைச் சொல்லித் தருபவர் மென்டர். கோச் உங்கள் பாதையில் கூட நடப்பவர். இரண்டு பேரும் தேவை. ஒருவரிடம் கிடைப்பதை இன்னொருவரிடம் எதிர்பார்க்கும்போதுதான் ஏமாற்றம் வருகிறது.

உங்கள் கோச்சிடம் இன்னொரு குறையும் தெரிகிறது. அவர் உங்களை வேலையில் பார்த்ததே இல்லை. 'தன் முதுகு தனக்குத் தெரியாது' என்பார்கள். அதுல் கவாண்டே என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 2011இல் தன் அனுபவத்தை எழுதியிருந்தார். 8 ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்து, தேர்ந்தவர் என்று பெயர் எடுத்த பிறகு, தன் முன்னேற்றம் நின்றுவிட்டது போல அவருக்குத் தோன்றியது. ஓய்வு பெற்றுவிட்ட தன் பழைய ஆசிரியரை அழைத்து, அறுவை அறையில் ஓரமாக நின்று பார்க்கச் சொன்னார். ஆசிரியர் ஒன்றும் பேசாமல் பார்த்தார். பிறகு சின்னச் சின்னக் குறிப்புகளாகச் சொன்னார். சில சமயம் உங்கள் முழங்கை தோள் உயரத்துக்கு எழும்புகிறது, அப்படி இருந்தால் கை நுணுக்கமாக இயங்காது. விளக்கின் வெளிச்சம் காயத்திலிருந்து விலகிப் போனதை நீங்கள் கவனிக்கவே இல்லை. அத்தனை ஆண்டு அனுபவத்தில் தானாக அவர் கண்ணில் படாதவை இவை. உங்களுக்கு முழங்கையைத் தூக்கச் சொன்னார்கள், அவருக்கு இறக்கச் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் சொன்னவர் முதலில் நின்று பார்த்தார்.

ஆகவே ஐந்தாவது அமர்வுக்கு முன்பே உங்கள் கோச்சிடம் கேளுங்கள்: "என் மீட்டிங் ஒன்றில் உட்கார்ந்து பார்க்க முடியுமா?" டீமுக்கு முன்கூட்டியே சொல்லி, அவர்கள் சம்மதத்தோடுதான் இதைச் செய்ய வேண்டும். அது முடியாது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. கிறிஸ் ஆர்கிரிஸ் என்ற நிர்வாகவியல் அறிஞர் வழங்கிய பயிற்சி அது. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். சிக்கலான ஓர் உரையாடலை நினைவிலிருந்து, நீங்கள் சொன்னது, அவர் சொன்னது என்று நாடக வசனம் போல வலது பக்கம் எழுதுங்கள். அந்தந்த வரிக்கு நேராக, அப்போது மனத்தில் நினைத்துச் சொல்லாமல் விட்டதை இடது பக்கம் எழுதுங்கள். என்னிடம் வருபவர்களில் பலர் இடது பக்கத்தை எழுதும்போதே பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். "இவருக்கு என்மேல் பொறாமை" என்று எழுதியவர், இரண்டு வரி கழித்து "இவர் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன்?" என்று எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளோடு போங்கள். ஒரு மணி நேரமும் அதிலேயே செலவாகட்டும்.

அப்புறம், "நீங்கள் கவனித்ததைச் சொல்லுங்கள்" என்று உரிமையோடு கேளுங்கள். "நான் என்ன செய்யட்டும்?" என்பதைவிட இது நல்ல கேள்வி. நான்கு மணி நேரம் உங்களோடு பேசியவர் ஏதாவது கவனித்திருப்பார். பழைய சகாவின் பேரைச் சொல்லும்போதெல்லாம் உங்கள் குரல் மாறுவது, டீமைப் பற்றிப் பேசும்போது 'நான்' மட்டுமே வருவது என்று ஏதோ ஒன்று. அதை அவர் சொல்லாமல் வைத்திருப்பது நியாயமில்லை. சொல்லும் விதமும் முக்கியம். க்ளூகர், டெநிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒருவரின் வேலையைப் பற்றி அவரிடமே கருத்துச் சொல்வது அவருடைய வேலைத்திறனை எப்படிப் பாதிக்கிறது என்பது பற்றிய பழைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 1996இல் வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் கருத்துச் சொல்வது உதவியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில், கருத்துக் கேட்ட பிறகு வேலைத்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையைவிட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்பதை நோக்கித் திரும்பும்போது கருத்தின் பலன் குறைகிறது என்பது அவர்கள் கண்ட விளக்கம். "நீங்கள் தன்னம்பிக்கை இல்லாதவர்" என்று யாராவது சொன்னால் நீங்கள் வீட்டுக்குப் போய் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். "அவர் குறுக்கிட்டதும் நீங்கள் உடனே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள்" என்றால், அடுத்த மீட்டிங்கில் செய்து பார்க்க ஒன்று கையில் இருக்கும்.

நான்காவது கேள்விக்கு நீங்கள் தரும் பதிலையும் இறுக்கிக் கட்டுங்கள். "அவரைச் சமாளிக்கப் போகிறேன்" என்பது பதில் ஆகாது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் பல ஆண்டுகளாக ஆராய்ந்த ஒரு விஷயம் இங்கே கை கொடுக்கும். "இப்படி நடந்தால், நான் இதைச் செய்வேன்" என்று இடமும் பொழுதும் சேர்த்து முன்பே முடிவு செய்தவர்கள், வெறும் இலக்கை மட்டும் வைத்துக்கொண்டவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள். உங்கள் விஷயத்தில், "மீட்டிங்கில் அவர் நடக்காது என்றால், நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எந்த இடத்தில் நடக்காமல் போகும் என்று அவரையே கேட்டு, அவர் சொல்வதைப் பலகையில் எழுதுவேன்" என்று இருக்கலாம். இது உதாரணம்தான், அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஆபீஸுக்கு எது சரிவராது என்று உங்களுக்குத்தான் தெரியும், ஐந்து யோசனையைத் தள்ளியவர் நீங்கள்.

தூக்கத்தைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அப்படிப் போக முடியாது. 3 வாரம் என்பது சின்னக் காலம் இல்லை. இதோடு பிடித்த விஷயங்களில் ஆர்வம் போய்விட்டது, நாள் முழுக்க மனம் கனமாக இருக்கிறது, பசி குறைந்துவிட்டது என்றெல்லாம் இருந்தால், கோச்சுக்காகக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றினாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மனநலச் சிகிச்சை வேறு, கோச்சிங் வேறு. நாங்கள் அதற்குப் படித்தவர்கள் இல்லை. நீங்கள் தூங்கவில்லை என்று தெரிந்தும் இலக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் கோச், தன் எல்லையை அறியாதவர். ஒருவேளை நீங்கள் அவரிடம் சொல்லவே இல்லையோ? அப்படியானால் அடுத்த அமர்வில் அதை முதலில் சொல்லுங்கள்.

இனி உங்கள் பயம். இது முழுக்க நியாயமான பயம். முதல் அமர்வு தொடங்குவதற்கு முன்பே இதற்குத் தெளிவான பதில் கிடைத்திருக்க வேண்டும். பணம் கொடுப்பது நிறுவனம், பேசுவது நீங்கள், கேட்பது கோச். இப்படி மூன்று தரப்பு இருக்கும்போது எது யாருக்குப் போகும் என்பதை மூவரும் சேர்ந்து முதல் நாளே பேசி முடிவு செய்ய வேண்டும். பொதுவாக, எத்தனை அமர்வு நடந்தது, எந்த இலக்கை நோக்கி வேலை நடக்கிறது என்பது மட்டும் நிறுவனத்துக்குப் போகும். அதற்குள் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது உங்கள் சம்மதம் இல்லாமல் போகக் கூடாது. யாருக்காவது ஆபத்து என்றாலோ சட்டம் கேட்டாலோ மட்டும் இதற்கு விலக்கு உண்டு, அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் நெறிமுறைகளும் இந்தத் தெளிவைத்தான் வற்புறுத்துகின்றன. எனவே கூச்சப்படாமல் கேளுங்கள்: "நான் சொல்வதில் எது வெளியே போகும், யாரிடம் போகும்? எழுத்தில் தர முடியுமா?" நேர்மையானவர் உடனே சொல்வார், இத்தனை நாள் சொல்லாததற்கு வருத்தமும் தெரிவிப்பார். மழுப்பினால் மீதி அமர்வுகளில் மனம் திறக்க வேண்டாம்; அவரை மாற்றித் தரும்படி ஹெச்.ஆரிடம் கேளுங்கள், அதில் தவறே இல்லை. உங்கள் நான்கு அமர்வுகளும் வறண்டு போனதற்கு இந்தப் பயமே பாதிக் காரணமாக இருக்கலாம். காதுக்குப் போகுமோ என்று எண்ணிக்கொண்டே பேசுபவரிடம் எந்தக் கேள்வி கேட்டாலும் மேலோட்டமான பதில்தான் வரும்.

அவர் தகுதியானவரா என்று பார்க்க ஒரு வழி, சான்றிதழ். பல நாடுகளில் கோச் என்று பலகை மாட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. யாரும் மாட்டலாம். மேலே சொன்ன கூட்டமைப்பு மூன்று நிலைகளில் சான்று தருகிறது. பயிற்சி வகுப்பும் தேர்வும் போக, மற்றவர்களுக்கு கோச்சிங் செய்த அனுபவம் முறையே 100, 500, 2500 மணி நேரம் இருக்க வேண்டும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் மணிக்கணக்கைவிட நான் நம்புவது வேறொன்றை. ஒவ்வொரு அமர்வு முடிந்த பிறகும், போன வாரம் உங்கள் கண்ணில் படாத ஏதாவது ஒன்று இந்த வாரம் படுகிறதா? அவரைக் கேட்காமலே நீங்கள் எடுக்கும் முடிவுகள் கூடுகின்றனவா? கட்டடம் எழும்பும்போது சாரம் கட்டுவார்கள். சுவர் தானாக நிற்கத் தொடங்கியதும் அவிழ்த்துவிடுவார்கள். ஆறு அமர்வு முடியும்போது, "இன்னும் ஆறு போடலாம்" என்று சொல்வதற்கு முன், "இனி நான் எதற்குத் தேவை?" என்று தானே கேட்பவரைத்தான் நான் நல்ல கோச் என்பேன்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தியது அந்தப் பழைய சகா இல்லை, உங்கள் மேசைக்கு வரும் அந்த 20 வருகைகள்தான். ஒவ்வொருவருக்கும் நீங்கள் பதில் சொல்கிறீர்கள். 16 ஆண்டு அனுபவம், பதில் உங்களுக்குத் தெரியும், சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. அவர்களும் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். மறுநாள் அதே கேள்வி கொஞ்சம் வேறு மாதிரி திரும்ப வருகிறது. உங்கள் கோச் உங்களுக்கு எதைச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களோ, அதை நீங்கள் உங்கள் டீமுக்கு 8 மாதமாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் இரவுகள் அதில்தான் போகின்றன.

எல்லாரிடமும் உடனே மாற வேண்டாம். மாறினால், "மேலாளர் ஆனதும் இவரும் கேள்வி மட்டும் கேட்கிறார்" என்று அவர்கள் உங்களைப் பற்றி யாருக்காவது கடிதம் எழுதுவார்கள். வருபவர்களில் வேலை தெரிந்தவர், ஆனால் முடிவெடுக்கத் தயங்குபவர் ஒருவர் இருப்பார், இதைப் படிக்கும்போதே அவர் முகம் உங்களுக்குத் தோன்றியிருக்கும். அடுத்த முறை அவர் வந்து நிற்கும்போது உட்காரச் சொல்லுங்கள். "நான் இன்றைக்கு லீவில் இருந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மௌனம் நீளும். பதில் உங்கள் நாக்கு நுனியில் இருக்கும். ஐந்து நொடி, பத்து நொடி பொறுங்கள். அவர் சொல்வது முக்கால்வாசி சரியாக இருந்தால் "அப்படியே செய்யுங்கள்" என்று அனுப்புங்கள். மீதிக் கால்வாசியை அவர் செய்து பார்த்துவிட்டு வந்து உங்களிடம் சொல்லட்டும்.

அந்தப் பத்து நொடியில் உங்களுக்குள் என்ன நடந்தது என்று குறித்து வைத்துக்கொண்டு, ஐந்தாவது அமர்வில் உங்கள் கோச்சிடம் அதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். ஆறாவது முடிந்த பிறகு நேரம் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். பழைய சகாவோடு தனியாக உட்கார்ந்து பேச முடிந்ததா, இரவில் தூங்குகிறீர்களா என்ற இரண்டையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.